மிச்சம் வைத்த மாத்திரைகள்

என் அக்கா வீட்டுக்காரர் ஒரு பம்ப் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் 'ஸ்டோர் கீப்பராக இருந்தார்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவர் அந்த வேலையை விட்டு வெளியே வந்ததே இல்லை. தொழிற்சாலைதான் அவரை வெளியே அனுப்பியது.

ஸ்டோர் என்றால் தொழிற்சாலையின் பின்கோடியில் ஒரு நீளமான அறை. கூரை வரைக்கும் இரும்பு அலமாரிகள், கிரீஸ் வாடை, கம்பி வலை போட்ட ஒரு ஜன்னல். அந்த ஜன்னலுக்கு வெளியே வேலையாட்கள் சீட்டோடு நிற்பார்கள். ஐந்து பேரிங் வேண்டும் என்று சீட்டில் இருக்கும். அத்தான் சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். பிறகு மூன்றை எடுத்து வைப்பார். "இப்போதைக்கு இது போதும், கொஞ்சம் இருக்கட்டும்" என்பார். இதற்காகவே அவருக்கு 'இருக்கட்டும் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதலாளியே ஒரு நாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டாராம். அத்தான் அதைப் பட்டம் கிடைத்த மாதிரி வீட்டில் வந்து சொன்னார்.

அவர் தொழிலில் இரண்டு விஷயம் முக்கியம். எந்த அலமாரியும் காலியாகக் கூடாது. எந்த அலமாரியில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் ஷிப்ட் ஃபோர்மேன் வந்து அள்ளிக்கொண்டு போவார், தலைமை அலுவலகம் அடுத்த தடவை அனுப்புவதைக் குறைத்துவிடும். அதனால் சரக்கு பின்னால் அடுக்கி இருக்கும்போதே முகத்தில் ஒன்றும் காட்டாமல் "தீரப் போகுது சார்" என்பார். அவர் கணக்கில் அது பொய்யே கிடையாது.

ஒரு தடவை பெரிய ஆர்டர் நடுவில் மெஷின் படுத்துவிட்டது. அந்த அளவு பேரிங் ஊரில் எங்கேயும் இல்லை. முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அத்தான் ஏணி போட்டு ஏறி, எல்லாவற்றுக்கும் பின்னாலிருந்து ஒரு பழைய அட்டைப் பெட்டியை எடுத்து வந்து மேஜை மேல் வைத்தார். உள்ளே புத்தம் புதிய பேரிங்குகள் எண்ணெய்த் தாளில் சுற்றியபடி இருந்தன. முதலாளி எல்லார் முன்னாலும் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "அந்த ஒரு கட்டிப்பிடிதான் இந்த மனுஷனைக் கெடுத்துடுச்சு" என்பாள் அக்கா.

வீடும் ஸ்டோர்தான். சோப்பு, தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, குழாய் வாஷர் என்று எதைக் கேட்டாலும் இருக்கும், எதைக் கேட்டாலும் ஒன்று குறைத்துத்தான் வரும். அக்காவுக்கு வாய் ஜாஸ்தி. "பல்பு போனா மாத்தறதுக்குப் பல்பு இருக்கு. அத எங்க வெச்சாருன்னு தேடறதுக்குத்தான் வெளிச்சம் இல்ல" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்வாள். ஒரு தடவை உறவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில், "ஏங்க, நான் போயிட்டா பதிலுக்கு ஒருத்திய எந்த அலமாரியில வெச்சிருக்கீங்க, இப்பவே சொல்லிடுங்க" என்று கேட்டாள். கூடமே சிரித்தது. அத்தான் காது சிவந்து போய் டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் ஒருவரை ஒருவர் பிள்ளை மாதிரி மிரட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள். காலையில் எழுந்தால் அவள் திட்டுவாள், அவர் கேட்டுக்கொள்வார். செருப்பை வாசலில் விட்டதற்கு ஒரு திட்டு, செய்தியைச் சத்தமாக வைத்ததற்கு ஒரு திட்டு. திட்டு வாங்காத நாளில் அவருக்குச் சோறு இறங்காது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். என் குரல் மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் போகும். கோபமும் அப்படித்தான், விசில் ஊதுவதற்கு முன்னாலேயே கிளம்பிவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அத்தானைப் பற்றி நான் எழுதுவதில் கொஞ்சம் சூடு இருக்கும். அவர் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. பாசமும் குறையவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

அக்காவுக்கு வந்த புற்றுநோய் முதுகெலும்பு வரைக்கும் போய்விட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பெரிய டாக்டர் அவளையும் அவரையும் எதிரே உட்கார வைத்துக்கொண்டு பேசினார். "குணமாக்கறதுக்கு இனிமே மருந்து இல்லம்மா. ஆனா வலி இல்லாம வெச்சுக்க மருந்து இருக்கு. அத நாங்க வீட்டுக்கே வந்து பாத்துப்போம்" என்றார். அக்கா, "சரி, அப்ப வீட்டுக்குப் போலாம்" என்று எழுந்துவிட்டாள். அத்தான் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். அந்த மருந்து எப்போதும் கிடைக்குமா என்று டாக்டரிடம் கேட்டார். கிடைக்கும் என்றார் டாக்டர். அத்தான் வாழ்நாளெல்லாம் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பதில் அது.

வாரத்துக்கு ஒரு நாள் நர்ஸம்மா வருவார். ஒல்லியான பெண்மணி. தோளில் பை, கையில் ஹெல்மெட். உள்ளே வந்ததும் முதலில் அக்காவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஊர் வம்பு பேசுவார், அப்புறம்தான் ரத்த அழுத்தம் பார்ப்பார். மார்ஃபின் மாத்திரையை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று அத்தானுக்கு அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

"வலி வந்தப்புறம் குடுக்கற மாத்திரை இல்ல சார் இது. வலி வராம இருக்கக் குடுக்கறது. கடிகாரத்தப் பாத்துக் குடுங்க. அம்மா மொகத்தப் பாத்துக் குடுக்காதீங்க. அவங்க மொகத்துல ஒண்ணும் தெரியாது, நல்லா நடிப்பாங்க."

"நடிப்பா, நடிப்பா" என்றார் அத்தான்.

அந்த மாத்திரை எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். முதல் சில வாரங்கள் அத்தான் சொன்னபடி செய்தார். அலாரம் வைத்துக்கொண்டு எழுந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, போன் பில்லை ஏன் கடைசி நாள் வரை கட்டாமல் வைத்திருந்தார் என்று அத்தானை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நோய் இருந்தது, வலி இல்லை. இப்படியே ஒரு நாள் தூக்கத்தில் போய்விட்டால்கூடப் பரவாயில்லை என்று பஸ்ஸில் திரும்பும்போது நினைத்துக்கொண்டேன்.

அதற்கு அப்புறம்தான் அது நடந்தது. மாத்திரை தீரும் அன்றைக்கு அத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்தவர், "ஸ்டாக் வரல சார். லீவு முடிஞ்சு வாங்க" என்றார். தொடர்ந்து விடுமுறை நாட்கள். நர்ஸம்மாவும் ஊரில் இல்லை, அவருடைய நம்பர் அப்போது அத்தானிடம் கிடையாது. ஊரெல்லாம் அலைந்தார். கடைக்காரர்கள் அவரைக் கஞ்சா கேட்டவரைப் பார்ப்பது போலப் பார்த்தார்களாம். ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் கொடுத்த சாதாரண வலி மாத்திரை அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. நான் வெளியூரில் மாணவிகளோடு போட்டிக்குப் போயிருந்தேன், எனக்குச் சொல்லவே இல்லை.

அந்த நாட்களைப் பற்றி அவர் என்னிடம் பேசியது ஒரே ஒரு தடவைதான். "அவ கத்தல. கத்தியிருந்தாகூடத் தாங்கியிருப்பேன். என் கையப் புடிச்சிக்கிட்டு, 'விடுங்க, பரவால்ல'ன்னு சொல்லிட்டே இருந்தா" என்றார். உடனே எழுந்து போய்விட்டார்.

விடுமுறை முடிந்து நர்ஸம்மா ஓடி வந்தார். தன் நம்பரைக் கொடுத்தார். இனிமேல் இப்படி நடக்காது, அக்காவுக்கென்று தனியாக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன் என்றார். அத்தான் தலையாட்டினார். ஆனால் சரக்கு கிளம்பிவிட்டது, நாளைக்கு வந்துவிடும் என்ற பேச்சை நம்பி அவர் ஒரு நாளும் ஸ்டோரை நடத்தியதில்லை. அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு இது தெரிந்தது கோடை விடுமுறையில். லீவு விட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கே தங்க வந்தேன். வாசலில் கால் வைத்ததுமே வீடு சரியில்லை என்று பட்டது. என்ன என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. வீடு சத்தமில்லாமல் இருந்தது. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முட்டியை நெஞ்சு வரைக்கும் மடக்கி வைத்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் சிரித்து முடிக்கும் வரைக்கும் அவளால் அந்தச் சிரிப்பைப் பிடித்து வைக்க முடியவில்லை.

மாத்திரைதான் சாப்பிடுகிறாளே, அப்புறம் ஏன் இப்படி என்று அத்தானிடம் கேட்டேன். வியாதி முற்றுகிறது, அளவைக்கூட டாக்டர் கூட்டியிருக்கிறார் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய 'தீரப் போகுது சார்' முகம் எனக்கு அத்துப்படி. அப்போதே உறுத்தியது.

மறுநாள் காலையில் காபி டம்ளரோடு சமையலறைக்குப் போனேன். அத்தான் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேடை அருகே நின்றிருந்தார். சாசரில் ஒரு மாத்திரை, கையில் புது பிளேடு. மாத்திரையைச் சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியைத் தாளில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மறுபாதியைத் தண்ணீரோடு எடுத்துக்கொண்டு திரும்பினார். நான் வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன அத்தான் இது?"

"டாக்டர் சொன்னதுதான்."

"டாக்டர் பிளேடு வாங்கச் சொன்னாரா?"

அவர் என்னைத் தாண்டிப் போகப் பார்த்தார். நான் விடவில்லை. மெதுவாகப் பேச எனக்கு வராது, ஆனால் அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினேன். மிச்சப் பாதிகளெல்லாம் எங்கே என்று கேட்டேன். அவர் தண்ணீரை மேடையில் வைத்தார். பிறகு படுக்கையறைக்குப் பக்கத்து அறையில் இருந்த அலமாரியைத் திறந்து, போர்வைகளுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துக் காட்டினார். பாதி மாத்திரைகள், முழு மாத்திரைகள், பிரிக்காத பட்டைகள். டின் கழுத்து வரைக்கும் நிரம்பியிருந்தது. பாதி வேளைகளில் அந்தப் பாதியைக்கூடக் கொடுக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. பக்கத்து அறையில் அவள் சுருண்டு கிடக்கிறாள், இங்கே டின் நிரம்பியிருக்கிறது.

"டாக்டர்தான் சொன்னாரு, போகப் போக வலி ஜாஸ்தியாகும்னு" என்றார் அவர். பிடித்த பிடியை விடவில்லை. "அப்ப மறுபடியும் ஸ்டாக் இல்லன்னு சொன்னா நான் என்ன பண்ணுவேன்? இன்னொரு தடவ அவ கையப் புடிச்சிக்கிட்டு சும்மா உக்கார என்னால ஆகாதும்மா. கடைசில அவ கஷ்டப்படக் கூடாது. அதுக்குத்தான்."

"இப்பக் கஷ்டப்படறா அத்தான்."

"இப்பத் தாங்கிக்கறா. நர்ஸ் கேட்டாகூட நாலுன்னுதானே சொல்றா."

வலி எவ்வளவு என்று பத்துக்குள் ஒரு எண் சொல்லச் சொல்வார் நர்ஸம்மா. பத்து என்றால் தாங்கவே முடியாதது. அக்கா ஒவ்வொரு தடவையும் அத்தானை ஒரு பார்வை பார்த்துவிட்டு நாலு என்றோ ஐந்து என்றோ சொல்லியிருக்கிறாள். மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்ற கேள்விக்கு அத்தான் போகிறது என்று சொல்லியிருக்கிறார். மிச்சம் இருக்கிறதா என்று கேட்டால் தீரப் போகிறது. முழு மாத்திரைக்கே இந்த வலி இருக்கிறதே என்று டாக்டர் அளவைக் கூட்ட, அதிலும் பாதி டின்னுக்குப் போயிருக்கிறது. இத்தனை வருஷம் ஃபோர்மேனையும் தலைமை அலுவலகத்தையும் சமாளித்த அதே வாய், அதே வார்த்தை. இந்த மாதிரி ஒரு தப்பை வேறு யார் செய்திருக்க முடியும்? கொடுமைக்காரனுக்கு இந்தப் பொறுமை வராது. அக்கறை இல்லாதவனுக்கு அலாரம் வைத்து எழுந்து பாதியாக வெட்டத் தோன்றாது.

அவர் பால் வாங்கப் போன நேரத்தில் அக்காவிடம் போய் உட்கார்ந்தேன். டின்னைப் பற்றிச் சொல்லலாமா கூடாதா என்று வாய் வரைக்கும் வந்து நின்றது. அவளே ஆரம்பித்தாள்.

"என்னடி, சமையல்ரூம்ல பஞ்சாயத்தா?"

"ஒண்ணுமில்லக்கா."

"டின்னப் பாத்துட்டியா?"

"உனக்குத் தெரியுமா?"

"பாதி எது, முழுசு எதுன்னு நாக்குக்குத் தெரியாதாடி?" என்றாள். மூச்சு வாங்க நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "அன்னிக்கு மருந்து கெடைக்காம அவரு வந்து நின்னாரு பாரு. அந்த மூஞ்சிய நீ பாக்கல. என் வலியவிட அது பெரிசா இருந்துச்சு. இப்ப சாயங்காலம் போய் அந்த அலமாரியத் தொறந்து பாத்துட்டு வந்துதான் ரெண்டு வாய் சாப்பிடறாரு. அதையும் புடுங்கிட்டா அவருகிட்ட என்ன இருக்கு?"

"அதுக்காக நீ இப்படி துடிக்கணுமாக்கா?"

"துடிக்கத்தான் துடிக்கறேன்" என்றாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் தலையணையில் இறங்கியது. "நீ நர்ஸ்கிட்ட சொல்றதுன்னா சொல்லு. வேணாம்னு சொல்ல எனக்கும் தெம்பு இல்ல. ஆனா எனக்குத் தெரியும்ங்கறது மட்டும் அவருக்குத் தெரியக் கூடாது. நான் போனப்புறமும் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு."

அவள் கையை நீட்டினாள். நான் அடித்துச் சத்தியம் செய்தேன். சின்ன வயதில் அவள் ஸ்கேலை நான் உடைத்ததற்கு அப்பாவிடம் சொல்லாமல் இருக்க அவளும் இப்படித்தான் எனக்குச் சத்தியம் செய்தாள். அவள் கை அப்போது என் கையைவிடப் பெரிதாக இருந்தது.

நர்ஸம்மாவுக்கு அன்றே போன் செய்தேன். முறை நாள் இல்லாவிட்டாலும் மதியமே வந்துவிட்டார். அத்தானை ஒரு பிடி பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன், உண்மையைச் சொன்னால் ஆசைப்பட்டேன். அவர் சமையலறை ஸ்டூலில் அத்தானுக்கு எதிரே உட்கார்ந்தார். டின்னைத் திறந்து பார்த்தார்.

"நாங்க மருந்து இல்லாம விட்டோம். அதுலதான் சார் இது ஆரம்பிச்சிருக்கு" என்றார். "உங்கள நான் என்ன சொல்றது? ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கங்க. மாத்திரைய எடுத்து வெக்கலாம். வலிய எடுத்து வெக்க முடியாது. இன்னிக்கு வலி இன்னிக்கே வந்துட்டுப் போயிடும். நீங்க நாளைக்கு முழுசாக் குடுத்தாலும் இன்னிக்குப் பட்டது பட்டதுதான்."

அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கடைசில இல்லாம போனா?"

"நான் கொண்டு வருவேன்."

"உங்க கைலயே இல்லன்னா?"

"என் வீடு எங்க இருக்குன்னு சொல்றேன். கதவத் தட்டுங்க. நேரம் காலம் பாக்காதீங்க."

தன் வீட்டுக்கு எப்படி வருவது என்று வழி சொன்னார். அத்தான் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு நர்ஸம்மா, அக்காவுக்கு நிஜமாக உள்ளே போன அளவு என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, டாக்டரோடு போனில் பேசி, புது அளவு எழுதினார். பாதிக்கும் குறைவாகவே பழகிய உடம்பு, திடீரென்று பழைய சீட்டில் உள்ளதைக் கொடுத்தால் அவளுக்கு ஆபத்து என்றார். அத்தான் கேட்டுக்கொண்டதால் டின்னை மட்டும் அவரிடமே விட்டுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அத்தான் பிளேடைத் தொடவில்லை. முதல் நாள் முழுக்க அக்கா தூங்கினாள். பயந்துபோய் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தோம். அடுத்த நாள் மதியம் கண் விழித்தாள். காலை நீட்டினாள். எத்தனை நாளாயிற்று அவள் காலை நீட்டிப் பார்த்து! கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னாள். திருப்பினோம். வெயில் கண்ணில் அடிக்கிறதாம், மறுபடியும் திருப்பினோம். அத்தான் சட்டையில் பட்டன் மாறிப் போட்டிருப்பதைக் கண்டுபிடித்தாள். "என்ன கோலம் இது? நான் படுத்துட்டா கேக்க ஆளில்லன்னு நெனப்பா? அந்தச் செருப்ப வேற வாசல் நடுவுல விட்டிருக்கீங்க, இங்கேருந்தே தெரியுது."

அவர் பட்டனைக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டார். செருப்பை எடுத்து வைக்கப் போனவர் வெகு நேரம் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். வாசலில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்று அழுதுகொண்டிருந்தார்.

இப்படிச் சில நாட்கள் கிடைத்தன. அந்தச் சில நாட்களை நினைத்தால் சந்தோஷம் வருவதற்கு முன்னால் வயிறு எரிகிறது. ஒரு மாலை நான் பாத்திரம் கழுவ, அவர் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே அக்கா யாரோடோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"இப்படியே இருந்திருக்கலாம் இல்லம்மா" என்றார். "இத்தன நாளும்."

இல்லை அத்தான், வியாதி அப்படி, உங்கள் மேல் தப்பில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த எல்லாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். "இருந்திருக்கலாம்" என்றேன். அவர் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே காய்ந்துபோன தட்டு அது.

பிறகு அவளால் விழுங்க முடியாமல் போயிற்று. முதலில் ரொட்டி நின்றது, அப்புறம் பால், அப்புறம் தண்ணீர். பேச்சும் குறைந்துவிட்டது. டாக்டர் சொன்ன கடைசி இதுதான் என்று எங்கள் இருவருக்கும் புரிந்தது. அத்தான் போய் டின்னைக் கொண்டு வந்தார். எதற்காக இத்தனை காலம் எடுத்து வைத்தாரோ அந்த நாள் வந்துவிட்டது. முழு மாத்திரை ஒன்றை எடுத்து, அவள் தலையைத் தன் கையில் தாங்கி, உதட்டுக்குள் வைத்து, ஸ்பூனால் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் கடைவாய் வழியாக வெளியே வந்தது. மாத்திரையும் அதோடு வந்து தலையணையில் விழுந்தது. அதை எடுத்துத் துடைத்து மறுபடியும் வைத்தார். மறுபடியும் வந்தது. அவளுக்குப் புரை ஏறியது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நர்ஸம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். போன் செய்ததும் வந்து, தோலில் ஒட்டும் மருந்துப் பட்டையை ஒட்டினார். அது வேலை செய்ய நேரமாகும் என்று, அதுவரைக்கும் தோலுக்கடியில் போகும் மெல்லிய ஊசி ஒன்றையும் பொருத்தினார். காலையும் மாலையும் வந்து பார்த்தார். எதுவும் தீர்ந்து போகவில்லை. அக்கா முகம் சுளிக்காமல், ஒரு மதிய நேரத்தில், அத்தான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே போய்விட்டாள். டின் அப்போதும் அவர் மடியில்தான் இருந்தது. அந்த டின்னில் இருந்த ஒரு மாத்திரைகூட அவளுக்குப் பயன்படவில்லை.

வந்தவர்களெல்லாம் போய், வீடு எங்கள் இரண்டு பேருக்கு என்று ஆன பிறகு நர்ஸம்மா ஒரு நாள் வந்தார். மிச்ச மார்ஃபினை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அத்தான் டின்னை அவர் முன்னால் வைத்தார். இத்தனை வருஷத்தில் ஒரு பொருளை ஒன்றுகூடக் குறைக்காமல் அவர் எடுத்துக் கொடுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். நர்ஸம்மா அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவர் தோளில் கையை வைத்தார். ஒழுங்காகச் சாப்பிடுங்கள் என்றார். அடுத்த வாரமும் வந்து பார்ப்பதாகச் சொன்னார், வரவும் செய்தார்.

அவர் வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டிய பிறகு அத்தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, அவளுக்குத் தெரியுமா?" என்றார்.

எது என்று நான் கேட்கவில்லை. "தெரியாது அத்தான்."

"நெஜமாத்தான் சொல்றியா?"

"தெரிஞ்சிருந்தா சும்மா விட்டிருப்பாளா? உங்கள உண்டு இல்லன்னு பண்ணியிருக்க மாட்டாளா?" என்றேன். பொய்க்கு நல்ல முட்டு கொடுத்துவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்தது.

அவர் அதை யோசித்தார்.

"அதத்தான் நானும் நெனச்சுப் பாக்கறேன். அந்தப் பாதி மாத்திரை நாள்ல அவ என்னைய எதுக்குமே திட்டல. செருப்புக்குக்கூடத் திட்டல. வலியில பேச முடியலன்னு நெனச்சேன்." அவர் கட்டில் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "மாத்திரைய எடுத்துட்டு நான் உள்ள வந்தாலே கண்ண மூடிக்குவா. வாயில போட்டு, தண்ணி குடிச்சு முடிக்கற வரைக்கும் தொறக்க மாட்டா. கசப்புக்குத்தான் மூடிக்கறான்னு நெனச்சேன்."

என் கையில் விரிப்பு பாதி மடிப்பில் நின்றது. சத்தியம் செய்த கை அது.

"கசப்புக்குத்தான் அத்தான்" என்றேன்.

அவர் நம்பவில்லை.